இருபத்தோராவது செடி

ஒர்பெலினாவின் சரிவில் நடுவதற்கு நான் கொடுத்தவை இருநூற்று நாற்பது செடிகள். வரிசைக்கு இருபது வீதம் பன்னிரண்டு வரிசை. இந்த எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

நாவெல்புத்தா மலையில் எங்கள் பக்கத்தில் விளைவது வெள்ளை ஸ்ட்ராபெரி. வெளுத்த பழம், மேலே சிவந்த விதைகள். ஒரு கூடையை இரவு வீட்டுக்குள் வைத்தால் மறுநாள் போர்வைகூட மணக்கும். இதை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கோடையில் தாய்ச்செடி கொடி விடும். கொடியின் கணு மண்ணைத் தொட்ட இடத்தில் ஒரு குட்டி வேர் பிடிக்கும். அதை வெட்டி நட்டால் புதுப் பாத்தி. ஆக, மலையில் இருக்கும் ஒவ்வொரு செடியும் இன்னொரு செடியின் துண்டுதான். தாயின் உடம்பில் ஏதாவது ஒளிந்திருந்தால் கொடி வழியாக அது குட்டிக்கும் போய்விடும்.

எங்கள் செடிகளில் ஒளிந்திருந்தவை இரண்டு வைரஸ்கள். ஒன்று மட்டும் இருந்தால் வெள்ளை ஸ்ட்ராபெரி அதைத் தாங்கிக்கொள்ளும், வெளியே காட்டவே காட்டாது. பார்ப்பதற்குப் பாத்தியிலேயே அழகான செடியாகக்கூட இருக்கும். இரண்டாவது வந்து சேரும்போதுதான் செடி தளர்கிறது. இலை ஓரம் மஞ்சளடிக்கும், நடு இலைகள் கிண்ணம்போலக் குழியும், பழம் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து கடைசியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்து நிற்கும்.

இவற்றைச் செடிவிட்டுச் செடி சுமப்பது அசுவினி. எள்ளில் பாதி இருக்கும், வெளிர்மஞ்சள் நிறம், இளம் இலையின் அடியில் உட்கார்ந்து ஊசி வாயால் சாறு உறிஞ்சும். இரண்டு வைரஸையும் அது ஒரே மாதிரி சுமப்பதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. முதலாவது வாயின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். சில நிமிடம் உறிஞ்சினால் போதும், ஆனால் சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும். இரண்டாவது ஏற மணிக்கணக்கில் உறிஞ்ச வேண்டும். அது வயிற்றுக்குள் போய், அங்கிருந்து உடம்பெல்லாம் சுற்றி, எச்சிலுக்கு வந்து சேரும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்தப் பூச்சி சாகும்வரை அது நீங்காது.

நான் புரேன் ஊரில் விவசாயப் பள்ளி ஆசிரியை. அப்போது வந்து இருபத்தாறு வருடமாகியிருந்தது. நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு எங்கள் மலைச் செடிகளைக் கொண்டுபோனது நான்தான். அங்கே செடியை வாரக்கணக்கில் சூட்டில் வைத்திருந்து, கொடி நுனியில் கடுகைவிடச் சிறிய ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார்கள். செடி வளரும் வேகத்துக்கு வைரஸால் அந்த நுனியை எட்டிப் பிடிக்க முடிவதில்லை. அந்தத் துணுக்கைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தால் நோயில்லாத செடி. இருநூற்று நாற்பது செடிகள் கைக்கு வர மூன்று வருடம் ஆனது.

மலையில் பதினொரு வீடுகள் இன்னும் ஸ்ட்ராபெரி போட்டுக்கொண்டிருந்தன. ஏற்பாடு இதுதான். ஏப்ரலில் புதுச் செடிகளை ஒர்பெலினாவின் மேற்குச் சரிவில் நடுவது. அங்கே முன்பு ஸ்ட்ராபெரி இருந்ததே இல்லை, பழைய பாத்திகளுக்கும் அதற்கும் நடுவில் ஓடையும் ஒரு முகடும் உண்டு. ஜூலையில், அதாவது எங்கள் தென்கோளத்துக் குளிர்காலத்தில், அசுவினி அடங்கியிருக்கும்போது, பதினொரு வீட்டுக்காரர்களும் பழைய பாத்திகளை வேரோடு பிடுங்கி எரிப்பது. அடுத்த ஏப்ரலில் ஒர்பெலினாவின் செடிகள் விட்ட குட்டிகளைப் பதினொரு வீடும் பகிர்ந்துகொள்வது. நடுவில் ஒரு வருடம் யாருக்கும் பழம் கிடையாது.

அந்த ஒரு வருடத்துக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். பைன் மரம் போடுகிற கம்பெனியின் ஆள் வீடு வீடாக ஒப்பந்தக் காகிதத்தோடு வந்துகொண்டிருந்தான். சரிவு வெறுமனே கிடந்தால் கையெழுத்துப் போடுவதற்குக் கை தானாகப் போகும். ஒருமுறை பைன் ஏறிய மண்ணில் அடுத்த இருபது வருடத்துக்கு வேறு பேச்சில்லை.

நடவு நாளன்று பதினொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். ஒர்பெலினா உயரமான, குறைவாகப் பேசுகிற பெண், ஐம்பது தாண்டியவள். பக்கத்துத் தோட்டத்து நோல்பா அவளுக்கு நேர் எதிர். குட்டை, வாய் ஓயாது. ஒர்பெலினாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நோல்பா. அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றே கூப்பிடுவார்கள், சண்டை போடும்போதுகூட. நான் இருவரையும் மரியாதையாகத் தோன்யா என்பேன்.

நான் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். அசுவினி, இரண்டு வைரஸ், கடுகளவு துணுக்கு, எதையும் விடவில்லை.

"டீச்சர் பேசி முடிக்கிறதுக்குள்ள செடி காய்ச்சிடும் போல," என்றாள் நோல்பா.

"நீ வாய மூடு கொமாத்ரே. அவங்க படிச்சவங்க."

"நான் மட்டும் என்ன, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். டீச்சர், அந்தச் செடிப்பேனு பறக்குமா, நடக்குமா?"

"பெரும்பாலும் நடக்கும் தோன்யா நோல்பா. கூட்டம் அதிகமானா சிலதுக்கு மட்டும் ரெக்கை முளைக்கும்."

"நம்ம ஊரு மாதிரியேதான். எடம் பத்தலைன்னா பறந்துடுதுங்க. எம் மவனும் அப்படித்தான் சந்தியாகோ போனான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோல்பாதான் சரியான கேள்வி கேட்கிறாள் என்று எனக்கு அவள்மேல் தனிப் பிரியம் வந்தது. மதியத்துக்குள் நட்டு முடித்தோம். புகைமிளகாய்ப் பொடி தூவிய உருளைக்கிழங்கும் சீச்சா என்கிற ஆப்பிள் மதுவும் வெளியே வந்தபோது என் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கீழே இறங்கும் ஒரே வண்டி அது. சாப்பிடாமல் போகிறேன் என்று திட்டினார்கள். இரண்டு கிழங்கைத் துணியில் கட்டிக் கையில் திணித்து அனுப்பினார்கள்.

ஜூலையில் பழைய பாத்திகள் போயின. சிலர் முனகினார்கள், சிலரைப் பத்துத் தடவை கேட்க வேண்டியிருந்தது. நோல்பா ஒரே நாளில் முடித்தாள். ஈர மண்ணில் முழங்காலிட்டுக் கையாலேயே பிடுங்கினாள். குவியல் நனைந்திருந்ததால் புகைதான் வந்தது, தீ பிடிக்க மறுத்தது. காய்ந்த விறகைச் சுமந்து வந்து எரித்து முடித்த பிறகு என்னிடம் கரிக்கையைக் காட்டினாள்.

"என் பாத்தியில ஒண்ணுகூட மிச்சம் வைக்கல டீச்சர். போய்ப் பாத்துக்கங்க."

பார்த்தேன். உண்மையில் ஒன்றுகூட இல்லை.

மாதம் ஒருமுறை மேலே போய் வந்தேன். அக்டோபரில் புதுப் பாத்தி நன்றாகப் பிடித்திருந்தது. இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பத்து இலைக்கு ஓர் அசுவினி. வசந்தத்தில் அது இயல்புதான், சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். முதல் வரிசையின் தலைமாட்டில் ஒரு செடி மற்றவற்றைவிட அகலமாக, கரும்பச்சையாக உட்கார்ந்திருந்தது.

"இது ஒண்ணு போதும் உங்களுக்கு," என்றேன் ஒர்பெலினாவிடம். "எல்லாத்தையும் விட இதுதான் நல்லா ஊணியிருக்கு."

கூட வந்திருந்த நோல்பாவின் முகம் மலர்ந்தது. "நல்ல குடும்பத்துச் செடி டீச்சர். அப்படித்தான் இருக்கும்," என்றாள். ஒர்பெலினாவும் சிரித்தாள். நான் அதை நோல்பாவின் வழக்கமான பேச்சு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

பிப்ரவரியில் குட்டிகள் கொடியில் தொங்கின. பகிர்ந்து கொடுப்பதற்கு முன் சோதனை செய்ய வேண்டும். வெள்ளை ஸ்ட்ராபெரி தன் நோயைக் காட்டாது என்று சொன்னேனல்லவா? அதனால் காட்டிக்கொடுக்கிற வேறொரு செடியிடம் கேட்க வேண்டும். ஐரோப்பாவின் காடுகளில் முளைக்கும் சின்ன ஸ்ட்ராபெரி ஒன்று உண்டு. அது எதையும் தாங்காது. அதைப் பள்ளியில் வலைக்குடிலுக்குள் தொட்டிகளில் வளர்த்து வந்தேன். அதன் மூவிலையில் நடு இலையைக் கிள்ளி எறிந்து, காம்பைப் பிளக்க வேண்டும். சோதிக்க வேண்டிய செடியின் இலை ஒன்றை எடுத்து, காம்பை ஆப்புப்போலச் சீவி, அந்தப் பிளவில் செருகிக் கட்ட வேண்டும். இரண்டு காம்பும் ஒட்டிக்கொண்டால் சாறு கலக்கும். பிறகு காத்திருப்பதுதான் வேலை. அடுத்த ஆறு வாரத்தில் காட்டுச்செடி விடும் புது இலைகள் பச்சையாகவே வந்தால் நல்லது. புள்ளி விழுந்தாலோ, சுருண்டாலோ, பழைய இலைகள் சிவந்து வாடினாலோ, இலை எங்கிருந்து வந்ததோ அங்கே வைரஸ் இருக்கிறது.

வரிசைக்கு நான்கு செடியிலிருந்து இலை எடுத்தேன், மொத்தம் நாற்பத்தெட்டு. முதல் தொட்டி பன்னிரண்டாவது நாளே சுருண்டது.

அது முதல் வரிசையின் தலைமாட்டுச் செடியின் இலை. கட்டும்போது காம்பை நசுக்கிவிட்டேன் போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் நான்கு தொட்டிகள் சுருண்டன. மார்ச் கடைசியில் பத்தொன்பது. ஒரு தாளில் பாத்தியை வரைந்து, சுருண்டவற்றுக்கு மட்டும் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

இறக்கை முளைத்த அசுவினி காற்றில் வந்து இறங்கியிருந்தால் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். என் தாளில் அப்படி இல்லை. முதல் வரிசையின் தலைமாட்டில் ஒரு முனை, அங்கிருந்து விசிறி விரித்ததுபோல் புள்ளிகள், தூரம் போகப் போகக் குறைந்துகொண்டு. நோய் வெளியிலிருந்து பறந்து வரவில்லை. பாத்திக்குள் ஓர் இடத்திலிருந்து இலைவிட்டு இலை நடந்து போயிருக்கிறது.

மறுநாள் மேலே போனேன். வீட்டுக்குப் போகாமல் நேராகப் பாத்திக்குப் போய், முதல் வரிசையை எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று. மற்ற பதினொரு வரிசையிலும் இருபதுதான். தலைமாட்டுச் செடி மட்டும் வரிசைக்கு அரையடி முன்னால் தள்ளி இருந்தது. இத்தனை மாதம் அதைக் கடந்துதான் பாத்திக்குள் நுழைந்திருக்கிறேன்.

ஒர்பெலினாவின் சமையலறையில் அவளும் நோல்பாவும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் மாத்தே தேநீருக்கு வைத்த கெட்டில் முனகிக்கொண்டிருந்தது.

"டீச்சர் மூஞ்சியே சரியில்லையே," என்றாள் நோல்பா. "பஸ்ல வாந்தியா?"

"தோன்யா ஒர்பெலினா, முதல் வரிசையில ஒரு செடி அதிகமா இருக்கு. நான் இருபதுதான் குடுத்தேன்."

ஒர்பெலினா நிமிர்ந்தாள். நோல்பாதான் பதில் சொன்னாள், பெருமையாக.

"அது நான் வெச்சது. ஞானத்தாய்."

"என்னது?"

"ஞானத்தாய் டீச்சர். புதுசா பாத்தி போட்டா பக்கத்து வீட்டுக்காரி தன் பாத்தியிலேருந்து நல்ல செடியா ஒண்ணு கொண்டாந்து தலைமாட்டுல வைக்கணும். புதுப் புள்ளைங்களுக்குத் தொணை. அப்பத்தான் பாத்தி பிடிக்கும். அன்னிக்குச் சீச்சா ஊத்தி வெச்சோமே! நீங்கதான் பஸ்ஸப் பிடிக்க ஓடிட்டீங்க." அவள் விரலால் அவரைத் தொலியை ஒதுக்கினாள். "எம் பாத்தி முழுக்கத் தேடி, இருக்கறதுலேயே கொழுத்ததாப் பாத்து எடுத்தேன். நீங்களே சொன்னீங்கள்ல, எல்லாத்தையும் விட இதுதான் நல்லா ஊணியிருக்குன்னு?"

எனக்குள் எல்லாம் வரிசையாக ஓடியது. பாத்தியிலேயே அழகான செடி, அதாவது தன் நோயைத் தாங்கி மறைக்கத் தெரிந்த செடி. ஜூலையில் மலையிலிருந்த பழைய செடிகளையெல்லாம் நான் எரிக்க வைத்தேன். எரியாமல் மிஞ்சிய ஒரே செடி, நோயில்லாத இருநூற்று நாற்பதுக்கு நடுவில் இருந்தது.

ஒர்பெலினாவுக்குப் புரிந்துவிட்டது. உரித்த அவரை அவள் கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பதுபோலத் தலையை இம்மியளவு அசைத்தாள். பிறகு நோல்பாவிடம் திரும்பினாள்.

"பேனுக்கு ரெக்கை முளைச்சு வந்துடுச்சாம் கொமாத்ரே. பாத்தி போச்சு. அதச் சொல்லத்தான் வந்திருக்காங்க."

"ஐயோ மாதாவே! எல்லாமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தப் பொய்யில் குறையொன்றும் இல்லை, ஒரு நட்பு பிழைத்திருக்கும். ஆனால் அடுத்த தடவையும் செடி வரும், பாத்தி போடுவோம், யாராவது ஒருத்தி இருப்பதிலேயே கொழுத்ததை எடுத்துக்கொண்டு வருவாள். நான் தாளை மேசையில் விரித்தேன்.

"பறந்து வரல தோன்யா நோல்பா. நடந்து வந்திருக்கு. இங்கேருந்து." சிவப்பு விசிறியின் முனையில் விரலை வைத்தேன். பறந்து வந்தால் புள்ளி எப்படி விழும், நடந்து வந்தால் எப்படி விழும் என்று விளக்கத் தொடங்கினேன். தெளிவாகத்தான் விளக்கினேன். எனக்கு அது நன்றாக வரும். பாதியில் நோல்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"நானா?" என்றாள்.

ஒர்பெலினா தாளை மடிக்கப் போனாள்.

"நானா கொன்னேன்?"

"யாரும் கொல்லல. அந்தச் செடியில வெளியில ஒண்ணும் தெரியாது, அதனால..."

"அன்னிக்குப் பொட்டி மேல ஏறி நின்னு ஒரு மணி நேரம் பேசினீங்களே டீச்சர்! பேனு, வாயி, வயிறுன்னு! ஞானத்தாய் வைக்காதன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"எனக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கறதே..."

"இருபத்தாறு வருசமா இங்கதான இருக்கீங்க? கேட்டீங்களா? நடவு அன்னிக்கு என்ன செய்வீங்கன்னு எங்களக் கேட்டீங்களா?" அவள் எழுந்தாள். மடியிலிருந்த அவரை தரையெல்லாம் சிதறியது. "மாசா மாசம் அதோட முன்னால குனிஞ்சு நின்னீங்க. எம் முன்னாலயே புகழ்ந்தீங்க. நான் வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சந்தோசப்பட்டேன்."

அவள் போன பிறகு ஒர்பெலினா தரையிலிருந்து அவரையைப் பொறுக்கினாள். நானும் குனிந்தேன். வேண்டாம் என்று கையால் தடுத்தாள்.

"கீழ் வரிசையெல்லாம் நல்லாத்தான இருக்கு உங்க தாள்ல," என்றாள் பொறுக்கி முடித்து. "ஒரு அறுபது செடி தேறுமில்ல? அதையாவது பங்கு போட்டுக் குடுக்கலாமே. வீட்டுக்கு அஞ்சு. வெறுங்கையா அனுப்பினா எல்லாரும் அந்தப் பைன் கம்பெனி ஆளுக்கு ஒப்புக்கிடுவாங்க."

கீழ் வரிசைகளில் புள்ளி இல்லை என்றால், இலை எடுத்த நாளன்று நோய் அங்கே வந்திருக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். அதன் பிறகு ஆறு வாரம் போய்விட்டது. இதைச் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு பாத்திக்குப் போனேன். கடைசி வரிசை, கடைசிச் செடி. இளம் இலை ஒன்றைத் திருப்பினேன். நரம்போரம் மூன்று அசுவினி, வெளிர்மஞ்சளாக, ஆடாமல் உட்கார்ந்திருந்தன. அவை எந்தச் செடியிலிருந்து நடந்து வந்தன என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒர்பெலினா அவற்றை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இலையை மெதுவாக விட்டாள்.

பாத்தி முழுவதையும் பிடுங்கும் நாளன்று ஒன்பது வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒருவரும் சீச்சா கொண்டுவரவில்லை. குட்டிகள் தொங்கும் கொடிகளைப் பின்னலைச் சுற்றுவதுபோலச் சுற்றிக் குவியலில் போட்டோம். தலைமாட்டுச் செடியிடம் யாரும் போகவில்லை. நான் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஓடைப் பக்கமிருந்து நோல்பா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அதைச் சுற்றி மண்ணைத் தளர்த்தி, வேர் அறாமல் எடுத்தாள், நடுவதற்கு எடுப்பதுபோல. தானே தீயில் வைத்துவிட்டு வந்த வழியே போனாள்.

"கொமாத்ரே," என்று ஒர்பெலினா கூப்பிட்டாள். ஓடைச் சத்தத்தில் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அந்தக் குளிர்காலத்தில் ஏழு வீடுகள் பைன் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டன. முதல் கையெழுத்து நோல்பாவுடையது.

ஆய்வுக்கூடத்தில் குழாய்கள் பத்திரமாகவே இருந்தன. மறுபடி நூறு செடி கிடைக்க இரண்டரை வருடம் ஆனது. அதற்குள் ஓடைக்கு அந்தப் பக்கம் பைன் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. நடவுக்கு நான்கு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். இந்தத் தடவை நான் பெட்டிமேல் ஏறவில்லை. செடிப் பெட்டியைத் திறக்கும் முன் ஒர்பெலினாவிடம் கேட்டேன்.

"முதல்ல என்ன செய்வீங்க? அப்புறம் என்ன? நட்டு முடிச்ச பிறகு என்ன? நான் போன பிறகு என்ன? எல்லாத்தையும் சொல்லுங்க."

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஓடைக்கு அப்பால் பார்த்தாள்.

"ஒண்ணும் செய்ய மாட்டோம் டீச்சர்," என்றாள். "செய்ய வேண்டியவ வரல."

ஐந்து வரிசை நட்டோம். முதல் வரிசையின் தலைமாட்டில், அரையடி முன்னால், அவள் ஒரு குழி வெட்டினாள். அதில் எதையும் வைக்கவில்லை. மூடவும் இல்லை. மாலையில் மழை பிடித்தது. நான் பேருந்துக்கு இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். குழியில் செம்மண் தண்ணீர் பாதிவரை ஏறியிருந்தது.